எடுக்கும் என்று எழுதியவள்

அத்தியாயம் பதினேழு

சின்னவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அன்றோடு பத்து நாள் ஆகியிருந்தது.

தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு அவனைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. கண் மருத்துவமனையில் ஆபரேஷனுக்குக் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க் அவன். அந்தப் பட்டியலிலிருந்து ஆறு பேர் காணாமல் போயிருந்தார்கள். யார் எடுத்தது என்று தேடினால் கம்ப்யூட்டர் அவன் பெயரைக் காட்டியது. ஆறு பேரில் ஒருவர் தச்சர். கண்ணில் அழுத்தம். கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று ஐந்து வாரம் காத்திருந்தார். வலது கண் போய்விட்டது.

அன்று மூன்று மணிக்கு விசாரணை.

போன வாரம் அவனுடைய அக்கா, பெரியவள், அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள். “தெரியாம கை பட்டு அழிச்சிட்டியாடா?” அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

அவன் பேசாதது அவளுக்கு உறைக்கவும் இல்லை. அம்மா போய் இரண்டு மாதம். பெரியவள் இன்னும் அழவில்லை. அழக் கூடாது என்ற வைராக்கியம் எல்லாம் கிடையாது. வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருத்தர் கன்னத்தைத் தொடுவது போல இருக்குமே, அவளுடைய நாட்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. எழுந்தாள், குளித்தாள், பஸ் ஏறினாள், வேலை செய்தாள், வந்தாள். யாராவது எப்படி இருக்கே என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

காலையில் சின்னவன் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டால் சரி பண்ணிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இன்னும் போகவில்லை.

“அவகிட்ட காட்டேன்டா அந்த போட்டோவை,” என்றார். “அவளும் கம்ப்யூட்டர் கம்பெனிதானே.”

“அவ எதுக்குப்பா பார்க்கணும்? நான்தான் அழிச்சேன்னு அவளே முடிவு பண்ணிட்டா.”

“கேட்டா பதில் சொல்ல மாட்டியா? கேள்வி கேட்டது ஒரு குத்தமா?”

சின்னவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். போனை எடுத்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே அவள் முன்னால் நீட்டினான்.

“செக்ஷன்ல இருக்கிற சிஸ்டர் காலையில ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பினாங்க. அன்னிக்கு அந்த ஏஜென்ட்கிட்ட நான் டைப் பண்ணது இதுதான். பட்டியலிலிருந்து இந்த ஆறு பேரை எடுத்துக் கொடு, போன் பண்ணணும். அதுவும் எடுத்தாச்சுன்னு சொல்லி ஆறு பேரோட பேரையும் நம்பரையும் குடுத்துச்சு. நானும் ஆறு பேருக்கும் போன் பண்ணேன். தேதி சொல்லுவாங்க, பொறுமையா இருங்கன்னு சொன்னேன்.” அவன் குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது. “அந்தத் தச்சர்கிட்டயும் நான்தான் சொன்னேன், பொறுமையா இருங்கன்னு.”

பெரியவள் படத்தைப் பெரிதாக்கினாள். அது மருத்துவமனை புதிதாக வாங்கியிருந்த கம்ப்யூட்டர் உதவியாளர். பேச்சு வழக்கில் சொன்னால் போதும், அதுவே கம்ப்யூட்டரில் வேலையை முடித்துவிடும். ஏஜென்ட் என்பார்கள். பதிலுக்குக் கீழே, யாரும் படிக்காத பொடி எழுத்தில், எந்த டூலைப் பயன்படுத்தியது என்று ஒரு வரி இருந்தது.

*நோயாளியைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து எடுக்கும்.*

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கூட்டத்தில் தன் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும் இல்லையா, அப்படித் தெரிந்தது. அது அவள் எழுதிய வரி.

“என்னக்கா?” என்றான் சின்னவன்.

“ஒண்ணுமில்லை. இந்தப் படத்தை எனக்கு அனுப்பு.”

டம்ளரைக் கழுவி வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை நடந்த பிறகுதான் செருப்பு மாற்றிப் போட்டிருப்பதைக் கவனித்தாள். வலதும் இடதுமாக இரண்டு வேறு ஜோடி. திரும்பிப் போகவில்லை.

பெரியவளின் வேலை என்ன என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், “கம்ப்யூட்டருக்கு ஸ்பானர் எடுத்துக் குடுக்கிறா” என்பார் அப்பா. கேலிக்குத்தான் சொல்வார், ஆனால் அது பெரிய தப்பும் இல்லை. ஏஜென்ட்டுக்குக் கையும் காலும் அதற்குக் கொடுக்கப்பட்ட டூல்கள்தான். ஒன்று பட்டியலைக் காட்டும், ஒன்று தேதியை மாற்றும், ஒன்று கடிதம் அனுப்பும். எந்த டூல் எதற்கு என்று அதற்குத் தெரிய ஒரே வழி, ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும் விளக்கம். அந்த விளக்கங்களை எழுதுவது அவள். அதற்கு முன் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு டீச்சர் என்று பெயர்.

புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுப்பதும் அவள்தான். “படிக்கப் போறது மனுஷன் இல்லை,” என்று ஆரம்பிப்பாள். “மனுஷனா இருந்தா சந்தேகம் வந்தா பக்கத்து சீட்டுல கேட்பான். இல்லைன்னா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டுடுவான். இது அப்படி விடாது. நீங்க எழுதினதை நம்பிச் செஞ்சு முடிச்சுடும். அதனால டூல் என்ன செய்யும்னு மட்டும் எழுதினா பத்தாது. எப்போ இதை எடுக்கக் கூடாதுன்னு எழுதுங்க. செஞ்ச பிறகு திருப்ப முடியுமான்னு எழுதுங்க. முடியாதுன்னா, செய்யறதுக்கு முன்னாடி ஆளைக் கேளுன்னு எழுதுங்க. ரெண்டு அர்த்தம் வர்ற சொல்லைக் கையால தொடாதீங்க.”

இருபது பேருக்காவது இதைச் சொல்லியிருப்பாள்.

மேஜையில் உட்கார்ந்து அந்த வரியின் வரலாற்றைத் திறந்தாள். ஒவ்வொரு விளக்கத்தையும் யார், எப்போது எழுதினார்கள், யார் மாற்றினார்கள் என்பது அதில் இருக்கும். அவர்கள் கம்பெனி டூல்களைச் செய்து வேறொரு கம்பெனிக்குக் கொடுக்கும். அந்தக் கம்பெனி யாருக்கு விற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

எழுதியவர் இடத்தில் அவள் பெயர் இருந்தது. தேதியைப் பார்த்தாள். நேரம், காலை பதினொன்று நாற்பது.

அம்மாவின் மூச்சு நின்றது பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு. சான்றிதழில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். வயிற்றில், தொண்டையில், எங்கேயாவது. ஏ.சி. சத்தம் கேட்டது. யாரோ பிரிண்டரில் காகிதம் போட்டார்கள்.

வரலாற்றில் இன்னொரு பதிவும் இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்த வரியை யாரோ மாற்றியிருந்தார்கள். *நோயாளியின் பெயரைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கும். விவரங்களைப் பார்ப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. நீக்கும் முன் பயனரிடம் உறுதி கேட்க வேண்டும்.* சுத்தமான விளக்கம். அவளே திருத்தியிருந்தாலும் ஒரு சொல் மாற்றியிருக்க மாட்டாள். மாற்றியவர் டீம் லீடர். காரணம் என்ற இடத்தில், ‘சொல் தெளிவு’ என்று மட்டும் இருந்தது.

டீம் லீடர் அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண். அம்மா போனபோது வீட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவள். பெரியவள் லேப்டாப்போடு அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“இதை ஏன் மாத்தினீங்க?”

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். உடனே புரிந்துவிட்டது.

“உட்காருங்க டீச்சர்.”

“நிக்கிறேன்.”

“ஒரு ஹாஸ்பிடல்ல ஏதோ பிரச்சினைன்னு வாங்கினவங்க கேட்டாங்க. நான் பார்த்தேன். சொல் சரியில்லை. ‘எடு’ன்னா கொண்டு வான்னும் அர்த்தம், நீக்குன்னும் அர்த்தம். மாத்திட்டேன். யார் எழுதினதுன்னு பார்த்தப்போ…” அவள் நிறுத்தினாள். “தேதியைப் பார்த்தேன். அன்னிக்கு நான்தான் உங்களை விடாம மெசேஜ் பண்ணிக்கிட்டிருந்தேன், நாப்பது டூல் இன்னிக்கே முடியணும்னு. எனக்கு நிலைமை தெரியாது டீச்சர். நீங்க சொல்லவே இல்லை.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை. ஹாஸ்பிடல்ல யாரோ கிளார்க் பண்ணினதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. நாம அதைக் கிளற வேண்டாம்னு மேல சொன்னாங்க. நானும் விட்டுட்டேன். உங்களுக்காகவும்தான்.”

“அந்த கிளார்க் என் தம்பி.”

அந்தப் பெண் லேப்டாப்பை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “இதை நீங்க வெளியில சொன்னா உங்களை நான் காப்பாத்த முடியாது. கம்பெனி காகிதம் ஒண்ணுகூட வெளியே போகக் கூடாதுன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

“காகிதம் எதுவும் வேண்டாம். நான் எழுதினதை நான் சொல்றதுக்கு யாரைக் கேட்கணும்?”

“டீச்சர், யோசிச்சுட்டுச் சொல்லுங்க.”

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். அந்த நாளில் தன் வீட்டாரிடம் அவள் சொன்ன ஒரு பொய் இருந்தது. அதுவும் இதோடு சேர்ந்து வெளியே வரும். அதையும் யோசித்தாள். பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

“அரை நாள் லீவு போட்டுக்கோங்க எனக்கு,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மருத்துவமனையின் இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் நீளமாக ஒரு பெஞ்சு. ஒரு முனையில் சின்னவனும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கூப்பிடாமலே கூட வந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்ததால் காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தது. மறுமுனையில் பெரிய உள்ளங்கைகளைத் தொடை மேல் கவிழ்த்து வைத்தபடி ஒருவர். வலது கண்ணில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

“நீ எதுக்கு வந்தே?” என்றான் சின்னவன்.

“உள்ள ஒண்ணு சொல்லணும்.”

“எனக்கு நல்லவன்னு சர்ட்டிபிகேட் குடுக்கப் போறியா?”

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே தலைமை மருத்துவரும் நிர்வாக அதிகாரியும் இருந்தார்கள். மருத்துவர் களைத்த முகத்தோடு இருந்தார். அதிகாரியிடம் தடியாக ஒரு கோப்பு. வெளியாட்கள் வரக் கூடாது என்று அவர் ஆரம்பித்தபோது, பெரியவள் நின்றபடியே சொன்னாள்.

“நீங்க வாங்கியிருக்கிற அந்த உதவியாளருக்கு டூல் விளக்கம் எழுதினவ நான். இவரோட அக்கா. ரெண்டும் நான்தான்.”

மருத்துவர் உட்காரச் சொன்னார். சின்னவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

அவள் பாடம் எடுக்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டு போனாள். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ஒரே மாதிரி இரண்டு டூல்கள் இருந்தன. ஒன்று விவரத்தைக் காட்டுவது, இன்னொன்று பெயரை நீக்குவது. நீக்குவதற்கு அவள் எழுதிய விளக்கத்தில் ‘எடுக்கும்’ என்று போட்டாள். இவர் ‘எடுத்துக் கொடு’ என்று கேட்டார். அது, சொல் எங்கே ஒத்துப்போகிறதோ அந்த டூலை எடுத்துக்கொண்டது. கேட்டுவிட்டுச் செய் என்று அவள் எழுதவில்லை. அதனால் அது கேட்கவில்லை.

“அப்போ மிஷினோட தப்பு,” என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்தபடி.

“இல்லை சார். பீரோவிலேர்ந்து சட்டையை எடுன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?”

“எடுத்துக் குடுப்பேன்.”

“கல்யாணப் பத்திரிகை லிஸ்டுலேர்ந்து அவர் பேரை எடுன்னு சொன்னா?”

மருத்துவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அது படிச்சதைச் செஞ்சுது. எழுதினது நான். இவர் கேட்டது சரியான கேள்வி,” என்றாள் பெரியவள்.

“எப்போ எழுதினீங்க?” என்று கேட்டார் மருத்துவர். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. பதிவுக்காகக் கேட்டார்.

அவள் தேதியைச் சொன்னாள். “காலையில பதினொண்ணு நாப்பதுக்கு,” என்று நேரத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவருக்கு அது வெறும் தேதி. சின்னவன் நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்களை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. அவள் சொன்னதைக் கம்பெனியிடம் எழுதிக் கேட்பார்கள். அதுவரை சின்னவன் மேல் நடவடிக்கை இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். மருத்துவர் அவனிடம், “உங்களை அவசரப்பட்டு வெளிய அனுப்பிட்டோம்,” என்றார். அவன் தலையாட்டினான். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அப்பா எழுந்தார். “என்னடா ஆச்சு?”

“திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்கப்பா.”

“அப்பாடா,” என்று அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். “உங்க அக்கா பேசினாளா?”

“பேசினா.” சின்னவன் அவள் பக்கம் திரும்பினான். “நீ அன்னிக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில நின்னேன்னு சொன்னே.”

பெரியவள் அவனைப் பார்த்தாள்.

“கூட்டமா இருந்துச்சு, வரிசை நகரவே இல்லைன்னு சொன்னே. அம்மா உன் பேரைச் சொல்லிச் சொல்லி வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. நான்தான், அக்கா மருந்து வாங்கப் போயிருக்காம்மா, இதோ வந்துடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

“கீழ மாடிப்படியில உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்தேன்,” என்றாள். “இன்னும் நாலு டூல்தான் பாக்கி இருந்துது. முடிச்சுட்டு வரலாம்னு நினைச்சேன். அம்மா அன்னிக்கே போயிடுவாங்கன்னு நினைக்கலை.”

“யாரும் நினைக்கலை. ஆனா நான் அங்கே இருந்தேன்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள்; அந்த நினைப்பும் தூரத்தில் யாரோ பேசுவது போலத்தான் இருந்தது.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவளின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு அது அவளுடையது என்று நினைவு வந்து திருப்பிக் கொடுத்தார்.

“நீங்க வாங்கப்பா, வண்டியில விட்டுடறேன்,” என்றான் சின்னவன். அக்காவிடம், “நீ பஸ்ல வந்துடு,” என்றான். இரண்டு படி இறங்கி நின்றான். “இன்னிக்கு நீ சொல்லாம இருந்திருக்கலாம். எனக்குத் தெரியுது. அதுக்கு நான் நன்றி சொல்லணும். இப்போ முடியலைக்கா.”

அவர்கள் இறங்கிப் போனார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். போனில் டீம் லீடரின் மூன்று அழைப்புகள் தவறியிருந்தன.

“உள்ள என்னம்மா சொன்னாங்க?”

தச்சர். அவளைப் பார்ப்பதற்காக உடம்பையே முழுதாகத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து போய் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தாள்.

“அந்தப் பையனைத் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்களா? நல்ல பையன். அன்னிக்கு போன்ல மரியாதையாப் பேசினான். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல?”

“சேர்த்துக்கிட்டாங்க. அவன் மேல தப்பு இல்லைங்க ஐயா. தப்பு என்னுது.”

அவள் சொன்னாள். உள்ளே சொன்னதையேதான், இன்னும் சின்னச் சின்ன வாக்கியங்களாக. எந்தச் சொல், எங்கே எழுதியது, என்ன நேர்ந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்த பிறகும் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு சொல்லு,” என்றார்.

“ஆமாங்க.”

“நாங்களும் அளவுல ஒரு நூல் தப்பினா கதவு சேராது. செதுக்கிச் சரி பண்ணிடுவோம்.” அதற்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டார். அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் அசையாமல் இருந்தாள். அவர் வேறு ஒன்று கேட்டார்.

“இடது கண்ணுலயும் அழுத்தம் ஏறுதுன்னு போன தடவை சொன்னாங்கம்மா. அதுக்கும் ஆபரேஷன் வேணுமாம். லிஸ்டுல இருந்து போன எல்லாரையும் திரும்பப் போட்டுட்டோம்னாங்க. என் பேரு இருக்குதான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றியா? எனக்கு அந்தத் திரையில எழுத்துத் தெரியலை.”

அவள் அவருடைய மருத்துவமனை அட்டையை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடியில் இருந்த கவுண்டருக்குப் போனாள். சின்னவனின் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். தச்சரின் அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாள்.

“திரும்பச் சேர்த்தது அஞ்சு பேர்தான் மேடம். இவருது வலது கண். அதுக்கு இனிமே ஆபரேஷன் தேவையில்லைன்னு ஃபைலை முடிச்சுட்டாங்க.”

“இடது கண்ணு?”

“அதுக்கு யாரும் எழுதலையே.”

“இப்போ எழுத முடியுமா?”

“டாக்டர் எழுதணும் மேடம். இன்னிக்கு ஓ.பி. முடிஞ்சுது.” அந்தப் பெண் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஐந்து பெயர்கள். ஆறாவது வரியில் ஒன்றுமில்லை.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தில் அவர் எழுந்து நின்றிருந்தார். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, அவள் நின்றிருந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி, வேறு எங்கேயோ பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

விசாரணை அறைக் கதவு திறந்தது. தலைமை மருத்துவர் பையோடு வெளியே வந்து, எதிர்ப்பக்கத்து லிஃப்டை நோக்கி நடந்தார்.

பெரியவள் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.